அட்டையில் செய்த ஏரி

நான் நான்காவது படித்த வருடம் அப்பா நான்கு மாதம் வீட்டிலேயே இருந்தார். அதற்கு முன்னால் அவரை நான் முழுதாகப் பார்த்த நாட்கள் குறைவு. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறிப் போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். வல்லம் வடகாலில், கார்களுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. காண்ட்ராக்ட் ஆள்தான். ஆனாலும் பெரிய பிரஸ் மெஷினில் நிற்கிறவர் என்று எங்கள் தெருவில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்த மெஷின்தான் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. மோதிர விரல் இருந்தது, ஆனால் மடங்காது. கட்டுப் பிரித்த அன்று நான் பயந்துபோய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். எனக்கு அது நினைவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்தக் கையை எந்நேரமும் ஒரு துண்டுக்கு அடியில் வைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நாங்கள் இருந்தது ஐந்து குடித்தனங்கள் வரிசையாக அமைந்த ஒரு லைன் வீட்டில். ஒரே அறை, பின்னால் சின்னதாக ஒரு சமையல்கட்டு. நெல் விளைந்த நிலத்தில் அவசர அவசரமாகக் கட்டியது என்பதால் மழைக்காலத்தில் சுவர் கீழிருந்து ஈரம் குடிக்கும். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்து, ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கறை விழுந்திருந்தது. அப்பா பகலெல்லாம் அந்தக் கறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டிவி ஓடினாலும் அவர் கண் சுவரில்தான் இருக்கும்.

அம்மா செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் லைனில் நின்றாள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"இன்னாத்துக்கு அந்தச் சொவத்தயே பாத்துனு கீற? அதுல இன்னா, சினிமாவா ஓடுது?"

"அசிங்கமா கீதேன்னு பாத்தேன்."

"அசிங்கமா இருந்தா அழகா ஆக்கு. வூட்லதான இருக்கிற."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா மளிகைக் கடையில் கேட்டு வாங்கி வந்த இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்திருந்தார். இடது கையில் பென்சில் இருந்தது. அட்டையில் ஒரு நீளமான கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. என்ன என்று கேட்டேன். ஏரி என்றார்.

அவர் பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊரில். கரையும் அதன் மேல் வரிசையாகப் பனைமரங்களும் வரையப் பார்த்திருக்கிறார். இடது கைக்குப் பழக்கமில்லை. மரங்கள் எல்லாம் கோணலாக வந்திருந்தன. நான் சிரித்தேன். "பனமரம் எந்த ஊர்ல நேரா நிக்கிது?" என்று அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

கடையில் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தோம். பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வரும் நீல பிளாஸ்டிக் பட்டையை அக்கம்பக்கத்தில் சேகரித்து, வளைத்து வளைத்து ஒட்டி அலையாக்கினோம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் கொக்குகளாயின. நல்ல கெட்டியான வெள்ளை அட்டை. ஆனால் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் எங்காவது எழுத்து வந்துவிடும். ஒரு கொக்கின் வயிற்றில் 'சுபமுகூர்த்த' என்பது வரை தெரிந்தது. சுற்றிலும் சட்டத்துக்குச் செய்தித்தாளைக் குழல் குழலாகச் சுருட்டி அடுக்கினோம்.

கத்திரிக்கோல் பிடிப்பது நான். அப்பா இடது கையால் அட்டையைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பார், நான் கோட்டின் மேல் வெட்டிக்கொண்டே போவேன். காகிதம் சுருட்டும்போது ஒரு முனையை அவர் வலது மணிக்கட்டால் அழுத்திக்கொள்வார், மறுமுனையிலிருந்து நான் உருட்டுவேன். பசை தடவுவது, மடிப்பது, ஊசி கோப்பது என்று இரண்டு விரல் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை எல்லாம் என்னுடையது. "அங்க இல்ல பாப்பா, கொஞ்சம் மேல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வேலையில் மட்டும் அவருடைய கை துண்டுக்கு வெளியே இருந்தது. ஐந்தாறு நாளில் எனக்கு அதைப் பார்த்துப் பயம் போய்விட்டது.

மூன்று வாரத்தில் ஏரி முடிந்தது. சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாதென்பது வீட்டுக்கார அம்மாவின் கட்டளை. அதனால் காலண்டரைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டினோம். கறை முழுக்க மறைந்துபோனது. அன்று வேலையிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல் நின்றாள். பிறகு கிட்டே வந்து ஒரு கொக்கைத் தொட்டு, "இது யாரு கல்யாணம்?" என்று கேட்டாள். அடுத்த நாட்களில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டளை போட்ட வீட்டுக்கார அம்மாவே தன் கூடத்துக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் எனக்கு நிலைமை வேறாக இருந்தது. ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட வந்தபோது துண்டு நழுவி, என் வகுப்புப் பெண்கள் கையைப் பார்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து கேள்விகள். எப்படிச் சாப்பிடுவார், எப்படிச் சட்டை போடுவார் என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருத்தி தன் இரண்டு விரலை மடக்கி வைத்துக்கொண்டு பென்சில் எடுத்துக் காட்டுவாள். பொறுத்துப் பார்த்தேன். பிறகு, அந்தக் கை முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது, அதாலேயே எங்கள் வீட்டில் ஓர் ஏரி செய்திருக்கிறார் என்று சொன்னேன். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்ற தைரியம். தினமும் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

கம்பெனியிலிருந்து ஆள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அதிகாரி ஒருவர், அவருடன் அப்பாவை வேலைக்கு எடுத்துவிட்ட காண்ட்ராக்டர். பழப் பை ஒன்று கொண்டுவந்தார்கள். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என் பெயரைக் கேட்டார், எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டார். அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டாள். அப்பாவை ஸ்டோரிலோ கேட்டிலோ, கைக்கு வேலை இல்லாத இடத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி அவள் இரண்டு முறை கம்பெனி வாசலில் போய் நின்று மன்றாடியிருக்கிறாள். அதைப் பேசத்தான், கையை நேரில் பார்த்து முடிவு செய்யத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா துண்டை விலக்கிக் கையைக் காட்டினார். அதிகாரி குனிந்து பார்த்தார், விரலை மடக்கச் சொன்னார். மடங்கவில்லை. நிமிர்ந்தவர் கண்ணில் சுவர் பட்டது.

"அட, சூப்பரா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

"வாங்கல சார்," என்றாள் அம்மா அவசரமாக. "சும்மா, கொழந்த ஏதோ ஒட்டி வெச்சிகீது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. மூன்று வாரம் அப்பா குனிந்து குனிந்து வரைந்ததைக் குழந்தை ஒட்டியது என்கிறாளே.

"நான் இல்ல சார். எங்கப்பா செஞ்சாரு," என்றேன்.

"அப்பாவா? இடது கையாலயா?"

பள்ளிக்கூடத்தில் பழகிய வாய் நிற்கவில்லை. "இல்ல சார், அந்தக் கையாலதான். கத்திரிகூட அவரேதான் புடிச்சாரு."

"அது கொழந்த சார். தெரியாம சொல்லுது," என்றாள் அம்மா. அவள் குரல் ஏன் அப்படி உடைகிறது என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்குகிறாள் என்று மட்டும் பட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு, "சத்தியமா சார்!" என்றேன்.

காண்ட்ராக்டர் சிரித்தார். அதிகாரி அப்பாவைப் பார்த்து, "நெஜமாவா?" என்றார்.

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஏதோ சார்," என்றார். "பொழுது போவணுமே."

அதிகாரி செல்போனை எடுத்து, அப்பாவை ஏரிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். நான் ஓடிப்போய் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம், பழைய மெஷினுக்கே. அறையில் நான் குதித்த குதியில் பக்கத்துக் குடித்தனத்திலிருந்து என்ன என்று கேட்டார்கள். எங்கப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, நான் சொன்னதால்தான் கிடைத்தது என்று ஐந்து வீட்டிலும் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது அம்மா சமையல்கட்டில் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வேலை கிடைத்ததற்கு இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எனக்கு அவள் மேல் கோபம்.

அப்பா போனார். மெஷினின் பட்டன்களை அழுத்த அவரால் முடிந்தது. தகட்டைப் பிடித்து நேராக வைக்கத்தான் முடியவில்லை. தகடு நழுவும், வளைந்து விழும், சூப்பர்வைசர் கத்துவார். முடியவில்லை, வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டபோது, வீட்டில் நுணுக்கமாக அத்தனை வேலை செய்கிறவருக்கு இங்கே மட்டும் எப்படி முடியாமல் போகும் என்று அந்தப் படத்தைக் காட்டினார்களாம். மூன்றாவது மாதம் காண்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் போல அங்கேயும் இங்கேயும் அலைந்துவிட்டு, ஒரகடத்தில் ஒரு குடோனில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இது எதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடித்த லீவில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, அரிசி களைந்துகொண்டே அம்மா சொன்னாள். குறை சொல்கிற குரலே இல்லை. அன்று ஆட்கள் எதற்காக வந்தார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

கேட்டது போன வருடம்தான். குடோன் உடுப்பைப் போட்டுக்கொண்டு மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அன்று அதிகாரி கேட்டபோது ஏன் இல்லை என்று சொல்லவில்லை, ஒரு வார்த்தை போதுமே என்றேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்தது. இடது கையால் பெல்ட்டை மெதுவாக மாட்டி முடித்தார்.

"உன்னப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அது மட்டுமில்ல பாப்பா. நீ சத்தியமான்னு சொன்ன பாரு, அந்த வேகத்துல ஒரு நிமிசம் எனக்கே அது நெசம்னு தோணிப்போச்சு," என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அந்தப் பொய் எனக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது என்று ஒன்பது வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.