கட்டிங் டேபிள் உயரத்தில் ஒரு மீன் தொட்டி

அனுப்பர்பாளையத்தில் ஒரே அறையில் நானும் ஒரு கூட்டாளியும் பல வருஷம் இருந்தோம். இருவருக்கும் ஊர் மதுரைப் பக்கம். ஒரே பனியன் கம்பெனியில் நின்றபடி துணி வெட்டுகிற கட்டிங் வேலை. டேபிளுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. வேறு வீடு பார்த்துப் போனான். கம்பெனியும் மாறினான். அவன் ஆசையாக வாங்கிய மீன் தொட்டி மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. புது வீட்டில் வைக்க இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் பார்க்க வருவான். தரையில் செங்கல் அடுக்கி அதன்மேல் தொட்டி இருந்தது. அதற்கு முன்னால் பாய் போட்டு இரண்டு பேரும் உட்காருவோம். அவன் தீனி போடுவான். பெரிதாகப் பேச்சு இருக்காது. சில நாள் அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவான். மற்ற நாளெல்லாம் அறைக்கு வந்தால் நான் வாய் திறக்க ஆள் கிடையாது. ஞாயிறு ஒன்று இருந்தது, அது போதும்.

ஒரு ஞாயிறு அவன் பாயை எடுக்கும்போது கருப்பு மாலி மீன் ஒன்று கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. துள்ளி வெளியே விழுந்திருக்கிறது. அவனுக்கு முகம் மாறிவிட்டது.

"மாப்ள, மூடி இல்லாட்டி எல்லாம் இப்பிடித்தான் போகும். தொட்டியும் கீழ இருக்கு. யாரு காலாச்சும் பட்டா ஒடஞ்சுரும். பேசாம கடைக்காரன்ட்டயே குடுத்துருவமா?"

"வேணாம். நான் ஸ்டாண்டு செய்றேன். மூடியும் செய்றேன்."

"நீயா? ஒனக்கு ஆணி அடிக்கத் தெரியுமாடா?"

"தெரியாது."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டி போய்விட்டால் அவன் எதற்கு இங்கே வருவான்?

கம்பெனிக்குப் புது மெஷின் வந்த மரப்பெட்டி பின்பக்கம் கிடந்தது. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மொட்டை மாடியில் வைத்து அறுத்தேன். நாலு கால், குறுக்குச் சட்டம், மேலே பலகை. தண்ணீர் நிறைந்தால் தொட்டி என்னைவிடக் கனம் என்பதால் ஒரு சட்டம் கூடுதலாகவே போட்டேன். பலகைமேல் தெர்மாகோல் விரித்தேன். கண்ணாடி நேராக மரத்தில் உட்கார்ந்தால் விரிசல் விடும் என்று மீன் கடையில் சொல்லியிருந்தார்கள்.

மூடிதான் படுத்தியது. டேப் வைத்துத் தொட்டியை அளந்து, அதே அளவுக்குப் பிளைவுட்டை வெட்டிப் பெட்டியாக அடித்தேன். தொட்டிமேல் இறங்கவே இல்லை. பனியன் துணி இழுத்தால் கொடுக்கும். பலகை கொடுக்குமா? பிரித்து, கொஞ்சம் தாராளமாக விட்டு மறுபடி அடித்தேன். உள்ளே ஒரு டியூப் லைட். தீனி போட மேலே கீல் வைத்த கதவு. காற்றுக்குழாய் போகப் பின்னால் ஓட்டை. வெளிப்பக்கம் கருப்பு பெயின்ட்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து மூடினான்.

"மாப்ள, கடையில கூட இப்பிடிக் கெடைக்காதுடா."

பழக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தான். உட்கார்ந்தால் தெரிந்தது நாலு கால்தான். எழுந்து என்னைப் பார்த்தான்.

"ஏன்டா, கட்டிங் டேபிள் ஒசரத்துக்கா அடிச்ச? வாரமெல்லாம் நிக்கிறது பத்தாதா?"

உயரத்தை மட்டும் நான் அளக்கவே இல்லை. நின்று வேலை செய்கிற கைக்கு எந்த உயரம் தோன்றியதோ, அதுவே காலின் உயரமாகிவிட்டது.

நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தான். "இனிமே கவல இல்ல மாப்ள. மீனு தப்பிச்சிருச்சு" என்று சொல்லிக் கிளம்பினான். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கப்புறமும் இல்லை. போன் பண்ணினால் ஷிப்மென்ட் அவசரம், ஞாயிறும் வேலை என்றான்.

ஒரு ஞாயிறு தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக இறைத்து, தொட்டியை இறக்கி, நாலு காலையும் பாதிக்கு மேல் அறுத்தேன். அறுத்த துண்டுகளில் ஒரு பலகையை வைத்து அடித்தேன். சின்ன ஸ்டூல் ஆனது. அவனுக்குப் போன் பண்ணினேன்.

"கால வெட்டிட்டேன்."

"எதுக்குடா?"

உட்கார்ந்து பார்க்கத்தான். அப்படிச் சொல்ல வரவில்லை. "தண்ணி மாத்தத் தோதா இருக்கும்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றான்.

பல மாதம் கழித்து, சொல்லாமல் வந்தான், மனைவியோடு. அந்தப் பெண்ணுக்கு நிறை மாதம். மூலனூரில் அவள் அம்மா வீட்டுக்கு, பிரசவத்துக்குப் போகிற வழி. ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் பாயில்.

"மீனு நல்லா இருக்குதுங்ண்ணா. இவரு ஊட்டுல எந்நேரமும் இந்த மீனப் பத்தித்தானுங்க பேச்சு. நான் பாத்ததே இல்லைன்னுதானுங்க இன்னைக்குக் கூட்டியாரச் சொன்னேன்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஏன்டா வரவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. 

"தீனி போடுறியா?" என்றேன்.

போட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு அவனும் மூலனூரிலேயே ஒரு கடை வைத்துத் தங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். உயரம் சரியாக இருந்தது.