முழுப் பேரா, அரைப் பேரா

நான் பறக்கும் தூரத்துக்கு விமானக் கம்பெனி தரும் புள்ளிகளை அம்மா 'பேரு' என்றுதான் சொல்வார். நான் வெளியூர் வேலை முடிந்து கோல சிலாங்கூர் வீட்டுக்குத் திரும்பினால், காலணியைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும். "இந்தத் தடவ பேரு விழுந்துச்சாடா?" சபாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, நாள் முழுக்க வேலை செய்தால் முழுப் பேர். மழை பிடித்துக்கொண்டு பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அரைப் பேர். வேலை வாங்கும் மண்டோர் என்ன பேர் போடுகிறாரோ அதுதான் சம்பளம்.

எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் பாய்லர் பழுது பார்க்கும் வேலை. சண்டாக்கான், தாவாவ், மேடான் என்று எங்கே பாய்லர் மூச்சை நிறுத்துகிறதோ அங்கே ஓட வேண்டும். ஒரே விமானக் கம்பெனியில்தான் போவேன். வேறொன்றில் நேரம் வசதியாக இருந்தாலும் போக மாட்டேன். மற்றவர்கள் அதை விசுவாசம் என்பார்கள், என் மனைவி கிறுக்கு என்பாள். எப்படியோ, அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் தங்க நிற அட்டை கிடைத்தது. அதோடு கொடுத்த, பையில் தொங்கும் தங்க நிறப் பட்டையை நான் ஊருக்கு வந்த பிறகும் கழற்றுவதில்லை. டவுனில் ரொட்டி சானாய் சாப்பிடப் போகும்போதுகூட அந்தப் பையோடுதான் போவேன். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் புள்ளிகளுக்கு ஒரு வேலை வந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதியாக இருக்கும் என் தங்கை முதல் முறையாக உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அவளுக்கு வேலையை விட்டு வர முடியாது என்பதால் தாய் வீடு அவளிடம் போக வேண்டியதாயிற்று. அதாவது அம்மா. செலவு எங்களுடையது. தங்கையின் கணவர், நல்ல மனிதர், "டிக்கெட் நான் எடுத்துடுறேன் மச்சான்" என்று சொன்னபோது அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "மருமவன் காசுல போயி பிரசவம் பாக்குறதா? ஊர்ல என்னா சொல்லுவாங்க?" ஊர் என்பது இப்போது எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் நான்கு குடும்பங்கள்தான். ஆனாலும் நான் அம்மா பக்கம்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நான் தாய்மாமன்.

பிரச்சினை அம்மாவின் கால். செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கிக் குனிந்தும் குத்த வைத்தும் தேய்ந்த கால்கள். நரம்பு சுருண்டு நிற்கும். நெடுநேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடும், வீங்கினால் சுலபத்தில் வடியாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அம்மாவுக்கோ அந்தக் கால்கள்தான் வேண்டும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவதில் அவரை மிஞ்ச எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆள் கிடையாது. லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் காலில் குளித்தவர்கள்தான். சொந்தப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டாமல் அவ்வளவு தூரம் போய் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

விமானத்தின் முன்பக்கத்தில் கட்டிலாக விரியும் இருக்கைகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க என் சம்பளத்தில் முடியாது, ஆனால் புள்ளியில் முடியும். கணக்குப் பார்த்தேன், போக வர இரண்டுக்கும் போதும். தங்கையிடம் போனில் சொன்னேன். "கவலப்படாதே, அம்மாவ படுக்க வச்சே கொண்டாந்து சேக்குறேன்."

"வாயக் கழுவுண்ணே!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மாவின் அடையாள அட்டையில் எழுத்துப் பிழை இருந்ததால் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தோம். பாஸ்போர்ட் இல்லாமல் டிக்கெட் எடுப்பது அர்த்தமில்லாத வேலை. அந்த இடைவெளியில்தான் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. உங்கள் பயண அனுபவத்தை மேம்படுத்துகிறோம் என்று ஆரம்பித்தது. யாராவது எதையாவது மேம்படுத்துகிறோம் என்று சொன்னாலே நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இனி பறக்கும் தூரத்துக்குப் புள்ளி கிடையாது, டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குத்தான். என் முதலாளி எடுப்பதோ இருப்பதிலேயே மலிவான டிக்கெட். ஆகவே தங்க அட்டை அடுத்த ஆண்டு இல்லை. அதுகூடப் போகட்டும். புள்ளி கொடுத்து எடுக்கும் இருக்கைக்கும் இனி நிலையான விலை கிடையாது, சந்தையில் மீன் விலை மாதிரி ஏறும் இறங்கும். உங்கள் புள்ளிகளில் ஒன்றுகூடக் குறையாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். உண்மைதான், குறையவில்லை. அதை வைத்து வாங்கக்கூடியதுதான் குறைந்துவிட்டது.

பாஸ்போர்ட் கையில் கிடைத்த அன்று பார்த்தேன். முன்பு போக வரப் போதுமாயிருந்த புள்ளி, இப்போது போவதற்கு மட்டும்கூடப் போதவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து ஆங்கிலத்தில், என் நீண்ட கால விசுவாசத்துக்கு நன்றி என்றாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. விசுவாசம் என் பக்கம் மட்டும் இருந்தால் போதுமா, உங்கள் கம்பெனிக்கு வேண்டாமா என்று சத்தம் போட்டேன். வயசானவரின் கால், பிரசவம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னாள்: "அண்ணே, காலையிலேருந்து எல்லாரும் ஏசுறாங்க. என் கையில ஒண்ணும் இல்லண்ணே." அதற்கு மேல் அவளை என்ன திட்டுவது? போனை வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசி வரை கேட்டார்.

"தோட்டத்துலயும் இப்படித்தான்" என்றார். "பழக் குலைக்கு இம்புட்டுன்னு கணக்குப் போட்டானுங்க. நாங்க ஓடி ஓடிச் சேத்தோம். திடீர்னு ஒரு நாளு இனிமே எடைக்குன்னானுங்க. கேட்டா, ஒங்க நன்மைக்குத்தான்னான் ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி." பிறகு கேட்டார், "சாதா சீட்டுக்குப் பத்துமா?"

"பத்தும். ஆனா உங்க காலு..."

"அதெல்லாம் பாத்துக்கலாம்லா. புள்ள காத்துக்கிட்டு இருக்குமா?"

டிக்கெட் நான் எடுக்கிறேன் என்று மாப்பிள்ளை மறுபடியும் போன் செய்தார். அம்மா மறுபடியும் மறுத்தார். இந்த முறை அம்மாவைக் கெஞ்சி வழிக்குக் கொண்டு வரலாமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தாய்மாமன் என்ற வீராப்பு என் வாயையும் கட்டிப்போட்டது.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தார்கள். என் பையிலிருந்த தங்கப் பட்டையைக் கழற்றி அம்மாவின் பையில் மாட்டினேன். யாராவது பார்த்துக் கொஞ்சம் கவனிப்பார்கள் என்ற நப்பாசை. அம்மா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். இத்தனை வருடம் நான் பறந்ததெல்லாம் எதற்கு என்று எரிச்சலும் அழுகையுமாக வந்தது.

போய்ச் சேர்ந்த சில நாட்களில் பெண் குழந்தை பிறந்தது. தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். பிளாஸ்டிக் தொட்டியில் அவளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், பயந்து பயந்து. அம்மா பக்கத்தில் நாற்காலியில், மடியில் துண்டோடு. கால் எங்கே என்று தேடினேன். அம்மா மாப்பிள்ளை கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, காலக் காட்டுங்க."

"காலுக்கு என்னா, நல்லாத்தான் இருக்கு."

"பொய்ண்ணே, தூணாட்டம் வீங்கிக் கெடக்கு. தரையில ஒக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று தங்கையின் குரல் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தமும் குழந்தையின் அழுகையும்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை மாற்றியிருக்க வேண்டும்.

"ஏன்டா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கேனே, எனக்கும் பேரு விழுந்திருக்குமா?"

புள்ளி கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்குப் புள்ளி விழாது.

"விழுந்திருக்கும்மா."

"முழுப் பேரா, அரைப் பேரா?"

"முழுப் பேருதாம்மா."

"அப்ப அத செலவழிச்சிறாம வையி. அடுத்த புள்ளைக்காச்சும் கால நீட்டிக்கிட்டு வர்றேன்."