ஒரு படி தவிடும் ஒரு புதுப் பேரும்

என் பழைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் எனக்குக் கோபம் வரும். வீட்டைப் பெருக்கி வெளியே எதைக் கொட்டுகிறோமோ, அதையே எனக்குப் பெயராக வைத்திருந்தார்கள். புதுப் பெயரையும் எழுதவில்லை. ரங்கூனில் தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பலகையில் அது வெகுகாலம் தொங்கியது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்பு முடித்தேன். தேறியவர்கள் பட்டியலைச் சுவரில் பார்த்ததும் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். எதிரே வந்த டாக்டர் துரை ஒதுங்கி வழி விட்டார். அந்தச் சந்தோஷம் மேட்ரன் துரைசாணியின் மேஜை வரைக்கும்தான் நிலைத்தது. சான்றிதழில் எழுத வேண்டும், உன் பெயரைச் சரியாகச் சொல் என்றாள்.

வெள்ளைக்காரி வாயில் என் பெயர் ஏதோ ஒரு பூவின் பெயர் மாதிரித்தான் கேட்கும். வார்டில் படுத்திருந்த நம் ஜனங்களுக்கு அர்த்தம் தெரியுமே. பிரசவ வலியில் துடிக்கிறவள்கூட என்னை அந்தப் பெயரால் யாராவது கூப்பிட்டால், வலியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சிரிப்பாள். இதைப் பலகையில் எழுதி மாட்டினால் எவள் என் கையில் பிள்ளை பெறுவாள்? மாதக் கடைசியில் சான்றிதழ்கள் கையெழுத்துக்குப் போகின்றன, அதற்குள் புதுப் பெயரோடு வருகிறேன் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டு வந்தேன். எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் சந்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். வக்கீலைவிடச் சட்டம் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைப்பவர். அவரிடம் ஓடினேன். இதற்கா இந்த ஓட்டம் என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு விவரம் சொன்னார். வயது வந்த எவரும் தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். யாரையும் ஏமாற்றுவதற்காக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுத வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும். யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பிறந்தது முதல் என்னை அறிந்த ஒருவர் கூட வந்து, அவள்தான் இவள் என்று சொல்ல வேண்டும். பெற்ற தாய் சொன்னால் மறுபேச்சே இல்லை என்றார்.

அங்கேதான் எனக்கு இடித்தது. என்னைப் பெற்றவளை நான் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். இந்தக் கதையில் அக்கா என்று எங்கே வந்தாலும் அவள்தான்.

எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான் நாலாவது. அப்படிப்பட்ட பிள்ளையைக் குப்பைமேட்டில் முறத்தில் போட்டு, வேறு யாராவது எடுத்துக்கொண்டு பதிலுக்குத் தவிடு கொடுத்தால், அது அடுத்தவர் பிள்ளையாகிவிடும், சாவு அதைத் தேடி வராது என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. சந்தில் அன்றைக்கு நம்மவர்கள் யாரும் இல்லையாம். பக்கத்து வீட்டில் த்வாண்டே என்ற ஊரின் மண்பானைகளை வியாபாரம் செய்த ஒரு பர்மியப் பெண்மணி என்னை எடுத்துக்கொண்டு ஒரு படி தவிடு கொடுத்தாள். அவளைத்தான் நான் அமே என்று கூப்பிட்டேன். பர்மியர்கள் தாயை அப்படித்தான் அழைப்பார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா நான் பேசப் பழகுவதற்குள் காலமாகிவிட்டார். இடியாப்பம் விற்று என்னை வளர்த்தது அக்காதான். ஆனால் கடைத்தெருவில் யாராவது, உன் பெண்ணா என்று கேட்டால், பர்மாக்காரி பிள்ளை என்று சட்டென்று சொல்லிவிடுவாள். சின்ன வயதில் அதைக் கேட்டு எத்தனையோ முறை காலை உதைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பெயரை மாற்றப் போகிறேன் என்றதும் அக்கா இடியாப்ப உரலைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பேர்தான்டி உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு," என்றாள். "மாத்தினா அதுக்குத் தெரிஞ்சு போயிடும்."

அது என்றால் சாவு. அவள் ஒரு நாளும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். எனக்கோ ஆஸ்பத்திரிப் படிப்பு தலைக்கு ஏறியிருந்தது. என்னைக் காப்பாற்றியது அம்மை குத்தியதும் நீ ஊற்றிய கஞ்சியும்தான், பேரும் இல்லை தவிடும் இல்லை என்று கத்தினேன். அவள் உரலை எடுத்து மறுபடியும் பிழியத் தொடங்கினாள். அடுத்த நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

அமேக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. பர்மியர்கள் பெயரை மாற்ற நினைத்தால் ஊறவைத்த தேயிலையை, அதாவது லப்பேயை, பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொடுத்து, இன்றிலிருந்து என்னை இப்படிக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்தது. ஒரு கூடை லப்பேயில் முடிகிற காரியத்துக்குக் கோர்ட்டு எதற்கு என்று கேட்டாள். மேட்ரன் லப்பே தின்ன மாட்டாளே என்றேன். அமே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி போயின. டிராமில் போகும்போது வாய்க்குள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பேன். ஒன்று கிழவி பெயர் மாதிரி இருக்கும், ஒன்று நாடகக்காரி பெயர் மாதிரி இருக்கும். கடைசியில் ஒன்று, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது. மனு எழுதியாயிற்று. பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. அச்சில் என் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ஆட்சேபம் என்று யாரும் வரவில்லை. ஆட்சேபம் உள்ளவள் ஒருத்திதான், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய அன்று, குமாஸ்தாவையே சாட்சி சொல்லக் கெஞ்சலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் என்னைப் பத்து வயதில்தான் முதலில் பார்த்தவர். வாசலுக்கு வந்தால் அக்கா துவைத்த சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் குடையோடு அமே. அமே என்ன சொல்லி அக்காவை வழிக்குக் கொண்டுவந்தாளோ தெரியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டிராம் ஏறினதிலிருந்து கோர்ட்டு வரைக்கும் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு போனேன்.

கோர்ட்டு வராந்தாவில் சேவகன் என் பழைய பெயரை மூன்று முறை கூவினான். அங்கே உட்கார்ந்திருந்த நம் ஜனங்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இதுதான் கடைசி என்று நிமிர்ந்து உள்ளே போனேன்.

மாஜிஸ்திரேட் ஒரு பர்மியர், ரோஜா நிறப் பட்டுத் தலைப்பாகை கட்டியிருந்தார். பக்கத்தில் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொல்ல ஒரு துபாஷி. நான் சத்தியம் செய்தேன். குரல் கணீரென்று வந்தது. பிறகு அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். இந்தப் பெண் உன் மகளா என்று துபாஷி கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் அக்கா.

கோர்ட்டிலேயே காத்திருந்து என் பின்னால் வந்து நின்ற குமாஸ்தா முருகா முருகா என்றார். இதைச் சொல்லவா துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள்? ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. பிறகு யார் மகள் என்று துபாஷி கேட்டதும், பெஞ்சில் இருந்த அமேயைக் கை காட்டினாள்.

"அவங்க புள்ளைங்க. பொறந்த அன்னைக்கே வித்துட்டேன்."

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னதும் மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளையை விற்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம். எவ்வளவுக்கு விற்றாய் என்று கேட்டார். ஒரு படி தவிட்டுக்கு என்றாள் அக்கா. துபாஷி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அவர் நம்மவர், அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்று பிள்ளைகள் போனதையும், தவிடு எதற்கு என்பதையும் விவரமாக எடுத்துச் சொன்னார்.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அமேயைப் பர்மிய மொழியில் விசாரித்தார். அமே எழுந்து நின்று, ஆமாம், நான்தான் வாங்கினேன், நல்ல தவிடு, ரசீதுதான் வாங்கவில்லை என்றாள். மாஜிஸ்திரேட் பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார். பிறகு, பெற்றவள் யார் என்று மட்டும்தான் இந்தக் கோர்ட்டு கேட்கிறது, அதைப் பெற்றவள் வாயால் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

அமே நேரே கூண்டுக்கு நடந்தாள். சேவகன் தடுத்தான், குடையால் அவனை ஒதுக்கிவிட்டுப் போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"புள்ளைய நான் திருப்பிக் குடுத்தாச்சு," என்று தன் உடைந்த தமிழில் சொன்னாள். "நீ சொல்லு."

"தவிடு?" என்றாள் அக்கா.

"வீட்டுல வந்து வாங்கிக்கிறேன்."

அக்கா அண்ணாந்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது வீட்டுக்குள் வந்து போனதை மூன்று முறை பார்த்தவள். என் ஆத்திரமெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை.

"என் புள்ளைதாங்க," என்றாள். "நான் பெத்தது."

எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை, உரக்கச் சொல் என்றார்கள். அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள். புதுப் பெயரைச் சொல் என்று என்னிடம் கேட்டபோது, டிராம் டிராமாகச் சொல்லிப் பார்த்து வைத்த பெயர், நாக்கில் வரவேயில்லை. குமாஸ்தா என் முழங்கையில் குத்தினார். சொன்னேன். முத்திரையை ஓங்கிக் குத்தினார்கள்.

திரும்பும்போது அமே கடைத்தெருவில் இறங்கிக்கொண்டாள். சந்து முழுக்கக் கொடுக்க லப்பே வாங்க வேண்டுமாம். கோர்ட்டுக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டிராமை நிறுத்தி எல்லோருக்கும் என் பெயரைச் சொல்லலாம் போல இருந்தது.

அக்கா தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவே?"

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை.

"அம்மா," என்றேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என் வாயைப் பொத்தினாள். டிராமின் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள், முகம் சிரித்தது.

"மெதுவா," என்றாள்.