முந்தி வந்த ஹோர்ன்

கொழும்பில் ஓர் ஓர்க்கெஸ்ட்ராவை, வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று கோல் அசைத்து, இருபது வருடங்களுக்கு மேல் நடத்தியவன் நான். பகலில் வங்கி வேலை, ஞாயிறு பின்னேரங்களில் ஒத்திகை. வெள்ளவத்தையில் என் சொந்தக்காரர்கள் இதைக் "கை ஆட்டுற வேலை" என்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லியே என் வாய் ஓய்ந்துபோனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்கத் தேவையில்லை.

எங்களோடு பிரெஞ்ச் ஹோர்ன் என்கிற சுருண்ட பித்தளைக் குழல் ஊதியவர் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் கிளார்க். மாதா கோயில் பாண்டில் ஊதிப் பழகியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணை' என்பேன், அவர் என்னை மரியாதையாக 'சேர்' என்பார். இப்போது நினைத்தால் அதிலேயே ஒரு பிசகு இருந்திருக்கிறது.

பல வருடமாக இரண்டாம் ஹோர்ன்தான் அவருக்கு. முதலாம் ஆள் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனதும், அந்த வருடக் கச்சேரியில் தனி ஹோர்ன் வாசிப்பு அவர் பக்கம் வந்தது.

"மகள் வாறா சேர்," என்றார் ஒத்திகையில். "நான் கோயில்ல ஊதுறதை மட்டும்தான் அவ கேட்டிருக்கிறா. அப்பா ஒழுங்கா வாசிக்கிற மனுசன் எண்டு அவ ஒருக்காப் பார்க்கோணும்."

தனி வாசிப்புக்கு முன்னால் ஹோர்னுக்கு நீண்ட மௌனம். நாற்பது தாளக்கட்டுகள் சும்மா இருந்து, சரியாக அடுத்ததில் நுழைய வேண்டும். அவர் முழங்காலில் விரலால் தட்டித் தட்டி எண்ணுவார். எனக்கு அது கண்ணில் தூசி விழுந்த மாதிரி.

"அண்ணை, விரலை விடுங்கோ," என்று எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டேன். "என்ர கையைப் பாருங்கோ. நான் காட்டேக்க வந்தாக் காணும்."

"சரி சேர்," என்றார். அதற்குப் பிறகு அவர் விரல் அசையவில்லை.

எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் சேர்ந்த என் ஸ்கோர், போட்டோகொப்பி எடுத்து, செலோடேப் ஒட்டிக் கட்டிய புத்தகம். கொழும்புப் புழுக்கத்தில் டேப்பின் பசை இளகிப் பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். கச்சேரி அன்றைக்குப் பார்க்கவில்லை. மேடையில் இரண்டு தாள்கள் ஒன்றாகப் புரண்டன. இடையில் பக்கம் தவறியது தெரியாமல் நான் ஹோர்ன் பக்கம் கையை நீட்டினேன். அவர் ஊதினார்.

வயலின்கள் இன்னும் நான் தவறவிட்ட பக்கத்தில்தான் இருந்தன. ஹோர்ன் மட்டும் தனியே, அகாலத்தில், மண்டபம் முழுக்கக் கேட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. கையில் இருக்கும் கோலில் சத்தம் வராது. நான் விடும் பிழை வேறு யாருடையவோ வாத்தியத்தில்தான் கேட்கும். அந்தக் கணமே எனக்குப் பிழை விளங்கிவிட்டது. விளங்கியபிறகுதான் தலையைத் திருப்பி அவரை முறைத்துப் பார்த்தேன். மண்டபமே என் பார்வை போன பக்கம் பார்த்தது. மூன்றாம் வரிசையில் அவருடைய மகளும் பார்த்தாள்.

அவர் நிறுத்தி, சரியான இடத்தில் திரும்ப நுழைந்து, தன் பங்கை அருமையாக வாசித்து முடித்தார். கச்சேரி முடிவில், தனியாக வாசித்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கைதட்டு வாங்கிக் கொடுப்பது முறை. புல்லாங்குழலை எழுப்பினேன், கிளாரினெட்டை எழுப்பினேன். அவரை எழுப்பவில்லை.

பின்னறைக்கு அவரே வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், முந்தி வந்திட்டன்."

"பரவாயில்லை அண்ணை, எல்லாருக்கும் நடக்கிறதுதானே," என்றேன். செய்தவன் நான், மன்னித்தவனும் நான். என்ன மனுசன் நான்.

அடுத்த மாதம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: முன்பல் ஆடுகிறதாம், இனி ஊத முடியாதாம். எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவன் நான் ஒருவன்தான், நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் கொட்டாஞ்சேனைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். உட்காருமுன்பே சொல்லிவிட்டேன்: "அண்டைக்குப் பிழை என்ர, அண்ணை."

"தெரியும் சேர். உங்கட கையைப் பார்த்துத்தானே வந்தனான்."

"பிறகேன் என்னட்ட மன்னிப்புக் கேட்டனீங்கள்?"

"நான் கேட்டா, நீங்கள் 'இல்லை, பிழை என்ர' எண்டுவீங்கள் எண்டு நினைச்சன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அது முடிஞ்சு போச்சுது சேர். மகளிட்ட மட்டும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. நான் சொன்னா, அப்பா சமாளிக்கிறார் எண்டுவா."

மகள் தேத்தண்ணீரோடு வந்தாள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் எல்லோருக்கும் முன்னால் மூத்த மனிதரைப் பார்த்துச் சத்தம் போட்ட வாய், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் வறண்டுபோனது.

"இப்ப என்ன படிக்கிறீங்கள் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அக்கவுண்டிங், அங்கிள்."

"நல்லது, நல்லது."

சுடச்சுட அவ்வளவையும் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். மகள்தான் வாசல்வரை வந்தாள்.

"தாங்க்ஸ் அங்கிள்," என்றாள் மெதுவாக. "அப்பா அப்பிடி உங்கட கச்சேரியைக் குழப்பியும், நீங்கள் அவரைத் தேடி வந்திருக்கிறீங்கள்."

நான் தலையாட்டினேன்.