ஃப்ளோரன்ஸ் டீச்சர் நிறுத்தாத தண்ணீர்

சாந்தோமில் லிண்டா எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சரைப் போல அழுத்தமான ஆளைப் பார்த்ததில்லை. தனியார் பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தியவர். பென்ஷன் கிடையாது. மாடி வாடகைதான் அவருக்குச் சோறு, மாத்திரை எல்லாம்.

அந்த மாடியில் குடியிருந்த ஆஸ்டின் வாடகையை நிறுத்திவிட்டான். கேட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்பான். அட்வான்ஸும் கழிந்துபோயிற்று. ஆளோ புது பைக்கில் ஜம்மென்று போய் வந்தான்.

இதற்கெல்லாம் அந்தத் தெருவில் ஒரே வைத்தியம்தான். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் எப்போதும் வீட்டுக்காரர் கையில். அதை நாலு நாள் போடாமல் விட்டால் எப்பேர்ப்பட்ட குடித்தனக்காரனும் வழிக்கு வருவான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

"இன்னா டீச்சர் நீங்க! அவன் உங்க தலையில மொளகா அரைச்சிக்கினு கீறான், நீங்க அவன் குளிக்கத் தண்ணி ஏத்திக்கினு கீறீங்களே!" என்று லிண்டா கத்தியேவிட்டாள்.

"தண்ணியை நிறுத்தினா சட்டப்படி தப்பு என் மேல வந்துடும் லிண்டா. வாடகையைக் கேக்கத்தான் கோர்ட் இருக்கு. மேல இருக்கிற பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக வேணாமா?"

அடேயப்பா, என்ன பொறுமை! ஒப்பந்தத்தை முதலிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ஒரு மாதம் பார்த்தார். பதில் இல்லை. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அடுப்படியில் கஞ்சிதான், காலை மோட்டார் சத்தம் மட்டும் தப்பவில்லை.

விசாரணைக்கு லிண்டா துணைக்குப் போனாள். ஆஸ்டின் கூசாமல் சொன்னான்: "தண்ணிய கட் பண்ணி எங்கள தவிக்க விட்டாங்கய்யா. அதான் வாடகை குடுக்கல."

எதிர்வீட்டுக்காரி லிண்டா சொன்னால் எடுபடுமா? இல்லை என்று நிரூபிக்க டீச்சரிடம் வேறு என்ன சாட்சி இருக்கிறது? நீதிபதி, ஆஸ்டின் பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜொவிட்டாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

ஜொவிட்டா புருஷனைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"தண்ணி ஒரு நாளும் நிக்கலைங்கய்யா. டீச்சர் காய்ச்சல்ல கெடந்தப்பகூட செவுத்தப் புடிச்சிக்கினு வந்து மோட்டார் போட்டாங்க."

பாக்கியைக் கட்டி வீட்டைக் காலி செய்ய உத்தரவாயிற்று. தன் தலைக்கு மேலிருக்கும் கூரை போகும் என்று தெரிந்துதான் அந்தப் பெண் பேசியிருக்கிறாள்! லிண்டா தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். டீச்சரையா ஜொவிட்டாவையா என்று அவளுக்கே தெரியவில்லை.