தடையில்லா மின்சாரம்

தொழிற்பேட்டை வாசலில் நிற்கும் அந்தப் போர்டைப் பார்த்தாலே கொத்தனாருக்கு எச்சில் கசக்கும். நீலத்தில் வெள்ளை எழுத்து: ‘இங்கே இருபத்துநாலு மணி நேரமும் தடையில்லா மின்சாரம்.’ அதற்குக் கீழே அதையே வெளிநாட்டுக்காரனுக்குப் புரிகிற பாஷையிலும் எழுதியிருக்கும். வருஷக்கணக்காக அந்த வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். அதை நிமிர்ந்து பார்க்காமல் ஒருநாளும் போனதில்லை, பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமலும் போனதில்லை. அந்த மின்சாரம் முழுக்கத் தன் அக்கா புருஷனின் நெஞ்சுக்கூட்டிலிருந்து உறிஞ்சியது என்பது அவர் வழக்கு. கேட்க நாதியில்லாத வழக்கு.

அந்த அக்கா புருஷன் பேட்டையில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கரண்டு’. விளக்கு அணைந்தால் ஊரே திட்டும், அவர் மட்டும் சட்டையைத் தேடுவார். “ஊரு இருட்டுனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்” என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். மெலிந்த ஆள். கோபம் வந்தாலும் குரல் உயராது. இஞ்சினோடு கத்திப் போட்டி போட்டு ஜெயித்தவன் எவன் என்று சின்ன வயசிலேயே விட்டுவிட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இடது கை எதையோ பிடித்த மாதிரி மடங்கியே இருக்கும்.

அது லீவரைப் பிடித்த கை. பேட்டை இஞ்சின் பழசு. வேகத்தை ஒரே நிலையில் வைக்கிற பாகம் தேய்ந்து போயிருந்தது. கம்பெனிக்காரர்களை உட்காரவைக்கும் கூடத்தில் ஒரு ஏசியைப் போட்டால் இஞ்சின் இளைக்கும், விளக்கெல்லாம் மங்கும். அதனால் எதிரே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, கண்ணை அதிலும் கையை லீவரிலும் வைத்தே உட்கார்ந்திருப்பார். பல்பு மங்கினால் ஏற்றுவார், பளிச்சென்றால் இறக்குவார். புது பாகம் கேட்டதற்கு, ஆகட்டும் பார்க்கலாம் என்றார்கள். ஆகவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

அப்போது மேலேயிருந்து கீழே வரை வெளிநாட்டு முதலீடு என்பதே ஒரே பேச்சு. பேட்டையில் பாதிக் கொட்டகை காலி. கம்பெனிக்காரர்களைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டி மடக்கிப் போடுவதுதான் பேட்டை மேனேஜருக்கு வேலை. வருகிறவன் முதலில் கேட்பது, கரண்டு போகுமா என்பதைத்தான். போகும். தினமும் போகும். மேனேஜர் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். விருந்தாளி வருகிற நாளில் காலையிலேயே இஞ்சினை ஓடவிட்டு, கூடத்து லோடு மொத்தத்தையும் அதன் தலையில் ஏற்றிவிடுவார். வெளியே ஊரே இருண்டாலும் உள்ளே ஒரு விளக்கும் கண் சிமிட்டாது. இஞ்சின் ஓடுவது மட்டும் விருந்தாளி காதில் விழக்கூடாது.

காருக்கு வயர் கோத்துக் கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று வரப்போகிறது என்றானதும் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. சத்தம் அமுங்கட்டும் என்று புகைக்குழாயை வளைத்துத் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். போக வழியில்லாத புகை பாதி அறைக்குள்ளேயே திரும்பும். இஞ்சின் அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதையும் அடைக்கச் சொல்லிக் காண்ட்ராக்டர் நம் கொத்தனாரைத்தான் முதலில் கூப்பிட்டார்.

“என் மச்சான் மூஞ்சிக்கு நேரா நான் செங்கல் வைக்கணுமா? வேற ஆளப் பாருங்க” என்று கரணையைக் கீழே போட்டுவிட்டார் கொத்தனார். வேறு ஆளுக்கா பஞ்சம்? சாயங்காலத்துக்குள் ஜன்னல் சுவராகிவிட்டது.

அன்று வீட்டில் சண்டை.

“மச்சான், அது ரூமா, அடுப்பா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?”

“மேனேஜர் வாக்குக் குடுத்திருக்காரு மாப்ள. இந்தக் கம்பெனி வந்துட்டா அவங்க இஞ்சின் ரூம் எனக்குத்தானாம். பெர்மனன்ட்டு. புது இஞ்சின். லீவரே பிடிக்க வேண்டியதில்ல, தானா ஓடுமாம்.”

“அப்ப நீங்க எதுக்கு?”

“பக்கத்துல நின்னு பெருமையா பாத்துக்கிட்டிருக்கத்தான்.” அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கம்பெனி ஆட்கள் வந்த அன்று கொத்தனார் பேட்டையின் பின்முற்றத்தில் தரைக்கல் பதித்துக்கொண்டிருந்தார். பாதி கல் அறுபட்டிருக்கும்போது அவருடைய மிஷின் சட்டென்று நின்றது. ஊரில் கரண்டு போய்விட்டது. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கூடம் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறது. மேனேஜர் கையை விரித்து விரித்துப் பேசுகிறார், கோட்டுப் போட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். இஞ்சின் அறைக் கதவிடுக்கில் திணித்திருந்த சாக்கின் ஓரத்தில் நூல் மாதிரிக் கறுப்புப் புகை கசிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறக்கப் போனவரை வாட்ச்மேன் மறித்தார். “அவங்க போகட்டும்யா. உன் மச்சானே உள்ளேருந்து தாழ் போட்டுக்கிட்டாரு. தொறக்காதேன்னு அவரேதான் சொன்னாரு.”

அவர்கள் சாவகாசமாக டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். கார்கள் வாசலைத் தாண்டியதும் கொத்தனார் கடப்பாரையால் கதவை நெம்பினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மனிதர். சட்டையெல்லாம் வாந்தி. உதடு கறுத்துப்போயிருந்தது. கை மட்டும் லீவரிலேயே இருந்தது, விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து முதலில் கேட்டது:

“லைட்டு ஆடுச்சா?”

“ஆடல, மச்சான்.”

“அப்ப சரி.”

கம்பெனி கையெழுத்துப் போட்டது. பேட்டையே இனிப்புத் தின்றது. தன் வேலையைக் கேட்டு அவர் மேனேஜரைப் பார்க்கப் போனபோது கொத்தனாரும் கூடவே போனார். மேனேஜர் நாற்காலியில் நெளிந்தார்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல கரண்டு. அவங்க ப்ளான்ல இஞ்சின் ரூமே இல்ல. இங்கதான் கரண்டே போகாதே, எதுக்கு வீண் செலவுன்னுட்டாங்க.”

கொத்தனார் மேஜையில் கையை ஊன்றினார். உலகத்தில் வேலையை அரைகுறையாகப் பார்த்ததற்காக வேலை போகும். இந்த மனிதருக்கு, விளக்கு ஒருதரம்கூட ஆடாமல் பார்த்துக்கொண்டதால் வேலை இல்லாமல் போனது.

“அப்ப உண்மையைச் சொல்லிடுங்க சார். தெனம் போகும்னு சொல்லுங்க.”

“சொல்லலாம். மூட்டை கட்டிக்கிட்டுப் பக்கத்து நாட்டுக்குப் போயிடுவாங்க. வேலைக்கு எழுதிக் கொடுத்த அத்தனை பேர் வாயிலயும் மண்ணு. உங்க மச்சான் பொண்ணும் அதுல இருக்கில்ல?”

இருந்தாள். மூத்தவள். வயர் கோக்கும் வரிசையில் எடுத்திருந்தார்கள். கரண்டு எழுந்து கும்பிடுகூடப் போடாமல் வெளியே வந்தார். வழியெல்லாம் கொத்தனார்தான் கத்திக்கொண்டு வந்தார்.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“பொண்ணு சம்பளம் வாங்கப்போகுது மாப்ள. வுடு.”

கம்பெனி வந்த பிறகு கரண்டு போகாமலா இருந்தது? ஒரே மாதத்தில் அவர்களே தலையிலடித்துக்கொண்டு பெரிய இஞ்சின் இறக்கினார்கள். ஆனால் அதை ஓட்ட ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள். அவரும் போய் வரிசையில் நின்றார். குழாயில் வாய் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். டாக்டர் மெஷினைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்ப அதே அறை. ஒரு கம்பெனி வந்ததைக் காட்டி அடுத்ததைப் பிடிக்க வேண்டாமா? விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். புகையும் நாளுக்கு நாள் அவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. கொத்தனார் எத்தனையோ தடவை சொன்னார்: “நீங்க ஊம்னு சொல்லுங்க மச்சான், ஒரு ஞாயித்துக்கெழம வந்து அந்த ஜன்னலப் பேத்துட்டுப் போயிடுறேன். எவன் கேக்குறான்னு பாக்கலாம்.” ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: “சத்தம் வெளிய வந்தா பேட்டை பேரு போயிடும். பொண்ணு அங்கதானே இருக்கு. வுடு மாப்ள.”

கடைசியில் நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடிக்கிற நிலை. பேட்டையில் வேறு ஆளைப் போட்டார்கள். போர்டுக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயின்ட்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாய் மூக்கில் செருகியிருக்க, சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். மகள் கம்பெனிச் சீருடையோடு நேராக வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஃப்ளாஸ்க்கைக் கழுவப் போயிருந்தாள். தலைக்கு மேலே டியூப்லைட் ஒருமுறை மங்கி, மறுபடி எரிந்தது. அவருடைய இடது கை தானாக எழுந்து காற்றில் எதையோ பிடித்தது. மகள் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கி வைத்தாள்.

“மாப்ள.”

கொத்தனார் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“இப்ப அங்க ஒக்காந்திருக்கறவன்... நேத்து என்னப் பாக்க வந்தான். எனக்கு மொதல்ல வந்ததே, அதே இருமல்.”

மூச்சு வாங்கிக்கொண்டார்.

“நாளைக்கு யாரோ வராங்களாம். பெரிய கம்பெனி.” கண் மகள் பக்கம் போனது. “இவகிட்ட பேசிட்டேன். வேல போனா போகட்டும்பான்னுட்டா.”

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“விடியறதுக்குள்ள போ. உளியும் சுத்தியும் எடுத்துக்க.” இடது கையால் கொத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தார். “அந்த ஜன்னல ஒடச்சு வுட்டுடு மாப்ள.”