பெஞ்சுக்குத் திசை பார்த்தவர்

கடைக்குள் நுழைந்ததும் கொண்டல ராவு காரு சட்டைப் பையிலிருந்து திசைமானியை எடுப்பார். எடைப் பயிற்சி பெஞ்சின் மேல் அதை வைத்து, முள் ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு எடை தாங்கும், சாய்மானம் எதுவரை நிமிரும் என்று விற்பனையாளர் பக்கத்தில் நின்று ஒப்பிப்பது எதுவும் அவர் காதில் ஏறாது.

"அது கிடக்கட்டும். இதுல படுத்தா தலை எந்தப் பக்கம்?"

"நீங்க எந்தப் பக்கம் போடுறீங்களோ, அந்தப் பக்கம் சார்."

அத்தோடு அந்தக் கடையின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விடும். இரும்பின் மேல் வைத்த முள் கடைக்கு ஒரு வடக்கைக் காட்டியது. அதை அந்தந்தப் பெஞ்சின் ராசி என்று எடுத்துக்கொண்டார். மனிதர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெஞ்சு அவருக்கல்ல, மனைவி ரத்னமாலாவுக்கு. சங்கராந்தியன்று வாசலில் கோலம் போடும்போது சறுக்கி விழுந்து அந்த அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு தேய்ந்திருக்கிறது, நடை மட்டும் போதாது, வீட்டிலேயே பெஞ்சில் படுத்துச் சின்னச் சின்ன எடை தூக்க வேண்டும், அடுத்த முறை விழுந்தால் இடுப்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராவு காரு அன்றே பொறுப்பை ஏற்றார். ஏற்றவர் ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதம் வரை இறக்கி வைக்கவில்லை. விஜயவாடாவில் அவர் படுத்துப் பார்க்காத பெஞ்சு இல்லை. எதிர் வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு ஒவ்வொரு முறையும் என் கார்தான் போயிற்று.

சிக்கல் இதுதான். வீட்டில் மிச்சமிருந்த அறை ஒடுக்கமானது. பெஞ்சைக் குறுக்கே போட்டால் ஆள் போக வழியில்லை. நெடுக்கே போட்டு வடக்கே தலை வைக்கலாம் என்றால், பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள். தெற்கே வைத்தால் கால் நேராக வடக்கே, சாமி அறையைப் பார்த்து நீளும். இதற்குத் தோதான பெஞ்சை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை. செய்வார்கள் என்று அவர் காத்திருந்தார். நடுவில் ஆஷாடத் தள்ளுபடி வந்தது. பாதி விலைப் பலகையைப் பார்த்துக் கண் கலங்கினாரே தவிர, ஆகாத மாதத்தில் வாங்குவதா என்று திரும்பிவிட்டார். அதற்குள் அந்த அம்மா பெசரட்டு மாவுப் பாத்திரத்தைத் தூக்கக்கூட இடது கையை முட்டுக் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தார்.

போன வாரம் ராவு காரு குடிவாடாவில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு சித்தாந்தியைப் பார்த்து யோசனை கேட்கப் போனார். பஸ் தெருமுனை திரும்பியதும் ரத்னமாலா என் வீட்டுக் கதவைத் தட்டி, காரை எடுக்கச் சொன்னார். கடையில் முதல் பெஞ்சில் படுத்தார், கால் அந்தரத்தில் தொங்கியது. அடுத்ததில் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. எழுந்து பணத்தைக் கொடுத்துவிட்டார்.

"அவரு திசையப் பாத்தாரே ஒழிய, என் உயரத்த ஒரு நாளாவது பாத்தாரா தம்பி?"

சாயங்காலம் ராவு காரு திரும்பியபோது நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா தெற்கே தலை வைத்துப் படுத்து, கைக்கு ஒன்றாக எடையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். வலது கை நடுங்கியது. வாசற்படியில் நின்றவர் மெதுவாகக் கேட்டார்:

"சாமிக்கு நேரா கால நீட்டியிருக்கியே, ரத்னம்?"

"நான் விழுந்து கிடக்கணும்னு சாமி கேக்கல. சந்தேகம்னா நீங்களே உள்ள போய் விசாரிங்க."

அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது, வெறுமனே திரும்பி வந்தது. நடுங்கும் அந்த மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு பெஞ்சைச் சுற்றிக்கொண்டு சாமி அறைக்குப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமிகளுக்கு முன்னால் இருந்த திரையை இழுத்து மூடினார்.